கடலின் நீலமும் கண்கூசும் ஒளியும்

1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். இங்கிலாந்திலிருந்து பம்பாய் நோக்கி வந்துகொண்டிருந்த 'நர்குண்டா' என்னும் கப்பலின் மேல்தளத்தில், 32 வயதுள்ள தமிழர் ஒருவர் கடலைப் பார்த்தவண்ணம் நின்றார். அவர் கையில் விரலளவேயான ஒரு படிகத் துண்டு இருந்தது. அதனைக் கண்ணருகே பிடித்து மெல்லத் திருகித் திருகி நீரை நோக்கினார். பயணிகள் பலரும் வியந்து போற்றும் மத்தியதரைக் கடலின் நீலத்தை அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தார் எனலாம்.

அவர்தாம் சி. வி. இராமன். 1888இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தாவில் நிதித்துறை அலுவலராயிருந்து, நல்ல ஊதியம் தந்த அப்பதவியைத் துறந்து, 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானவர். ஆக்ஸ்போர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குச் சென்று மீண்டுகொண்டிருந்தார்.

மாணவர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் காமிராவைச் சேர்ந்தது. லென்ஸின் முன்னே மாட்டும் 'போலரைசர்' என்ற கண்ணாடியும், அதே இடத்தில் பொருத்தும் 'ஹூட்' என்ற மறைப்பும் ஒன்றோடொன்று எவ்வாறு இணங்கி வேலை செய்கின்றன என்பதே அது. கடைத்தெருவில் விற்கும் இச்சிறு பொருள்களுக்கும் இராமன் நின்ற கப்பல் தளத்திற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். இராமன் கையிலிருந்த படிகமும் இன்றைய போலரைசரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஆகவே குலமுறை கிளத்திவிட்டுப் பிறகு கடைக்குப் போவோம்.

ஒளி அலைவடிவானது. கயிறு ஒன்றின் நுனியைப் பற்றி உதறினால் அலை ஓடும். மேலும் கீழுமாகவும் உதறலாம், பக்கவாட்டிலும் உதறலாம். நம் பக்கத்து மூங்கிற்படல் வேலியின் நெட்டுக்குத்தான இடுக்கு ஒன்றில் அக்கயிற்றை நுழைத்துவிட்டு உதறிப்பாருங்கள். மேலும் கீழுமான அலை இடுக்கின் வழியே அப்பால் போகும்; பக்கவாட்டு அலை மூங்கிலில் மோதி அடங்கிவிடும். சூரிய ஒளியில் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்துள்ளன. அவற்றுள் ஒரு தளத்து அதிர்வு மட்டும் எஞ்சுமாயின், அவ்வொளி 'தளவிளைவு' பெற்றது என்கிறோம்.

இதனைக் கண்டறிந்த வரலாறு ஒரு சாளரத்தில் தொடங்குகிறது. நெப்போலியனுடைய எகிப்துப் படையெடுப்பில் பொறியியலராகச் சென்று நோயுற்று மீண்ட மாலூஸ் என்பவர், 1808இல் பாரிஸ் நகரத்துத் தம் வீட்டிலிருந்து எதிரேயிருந்த லக்சம்பூர் அரண்மனையை நோக்கினார். மாலைச் சூரியன் அதன் சாளரக் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. ஐஸ்லாந்துப் படிகம் என்பதன் வழியே பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தோன்றும். அது அவருக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அன்று படிகத்தைத் திருப்பியபோது அவ்விரு தோற்றங்களும் மாறி மாறி மங்கின. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி, நேரே வரும் ஒளியைப்போல் இல்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. இத்தன்மைக்குப் பெயரிட்டவரும் அவரே. நான்கு ஆண்டுகளில், 36 வயதிலேயே அவர் காலமானார்.

அடுத்த ஆண்டே அராகோ என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர், நீல வானத்தின் ஒளியும் தளவிளைவு பெற்றது எனக் கண்டார். ஸ்காத்லாந்தின் புரூஸ்டர் 1815இல், எந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி முற்றும் தளவிளைவு பெறும் என்பதற்கு விதி வகுத்தார். தண்ணீருக்கு அக்கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை. அதாவது, நீர்ப்பரப்பிலிருந்து 37 பாகை சாய்வில் நோக்கினால் பளபளப்பு முழுவதும் ஒரே தளத்து ஒளியாயிருக்கும். 1828இல் எடின்பரோவைச் சேர்ந்த நிக்கல் என்பவர், ஐஸ்லாந்துப் படிகத்தை வெட்டி ஒட்டி, ஒரு தளத்து ஒளியை மட்டும் விடும் கருவி ஒன்றைச் செய்தார். 'நிக்கல் பட்டகம்' எனப்படும் அதுவே இராமன் கப்பலில் கொண்டுசென்றது.

இனி வழக்கைக் கேளுங்கள். வானம் ஏன் நீலமாயிருக்கிறது என்பதை விளக்கிப் பெரும்புகழ் பெற்றவர் ராலே பிரபு. ஆழ்கடலின் நீலத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்து, அது நீரின் நிறமன்று, வானத்தின் நீலம் நீர்ப்பரப்பில் பிரதிபலிப்பதே என்பது. 1919இல் அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கூற எளிதில் எவரும் துணியார். இராமன் துணிந்தார். அவருடைய தருக்கம் ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். கடல் நீலம் பிரதிபலிப்பாயின், பிரதிபலிப்பை நீக்கினால் நீலமும் நீங்க வேண்டும். புரூஸ்டர் கோணத்தில் நின்று நிக்கல் பட்டகத்தைத் திருப்பினால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பு மறைந்துவிடும். அவ்வாறு மறைத்தபின் கடல் என்ன நிறமாய்த் தெரிகிறது?

நீலம் நீங்கவில்லை, முன்னினும் செறிந்து விளங்கிற்று. மேற்பரப்பின் பளபளப்பு உண்மையில் நிறத்தை மூடிக்கொண்டிருந்த திரையே என்பதும், நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்பதும் தெளிவாயின. கப்பலிலேயே எழுதப்பட்ட இச்செய்தி அவ்வாண்டு நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்னும் இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, கல்கத்தாவில் அவரும் அவருடைய மாணவர்களும் நீர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தனர். அவர்களுள் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஒருவர். 1928 பிப்ரவரி 28இல் 'இராமன் விளைவு' புலப்பட்டது. 1930இல் நோபல் பரிசு வந்தது.

இன்றைய அறிவு இதனோடு ஒன்றைக் கூட்டிச் சொல்கிறது. நீர் செந்நிற ஒளியைச் சிறிது சிறிதாக உட்கொண்டுவிடுவதும் கடல் நீலத்திற்குப் பெருங்காரணம். உட்கொண்டது போக எஞ்சிய நீலமே சிதறி நம் கண்ணுக்கு மீள்கிறது. ஆனால் மேற்பரப்புப் பிரதிபலிப்பே அனைத்துக்கும் காரணம் என்ற கொள்கை, அன்று நர்குண்டாவின் தளத்திலேயே விழுந்தது, பின்னர் எழவில்லை. மலிவான ஒரு கருவி, நேரான ஒரு கேள்வி, இவ்விரண்டும் போதுமாயிருந்தன. ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லையே என்று குறைப்படும் மாணவர்களுக்கு நான் இந்த நிகழ்ச்சியைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இனிக் காமிராவுக்கு வருவோம். நம் நாட்டில் நிழற்படக் கலை இராமனுக்கு மிகவும் முந்தியது. சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப், 1857ஆம் ஆண்டின் இறுதியிலும் 1858இலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் மலைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கிய அருஞ்செயல் அவருடையது. கல்வெட்டாராய்ச்சிக்கு நிழற்படம் துணையாகும் என்பதற்கு நம் நாட்டில் அதனினும் பழமையான பெருஞ்சான்று எனக்குத் தெரியாது.

டிரைப்புக்கு ஒரு தொல்லை இருந்தது. அக்காலத்து நிழற்படக்காரர் அனைவர்க்கும் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய வெள்ளி உப்பு, நீல ஒளியையும் ஊதா ஒளியையும் மட்டுமே நன்கு உணரும். ஆகவே நீல வானம் படத்தில் வெறும் வெண்மையாகிவிடும், மேகம் தெரியாது. 1855இல் பர்மாவில் எடுத்த படங்களில் டிரைப் எதிர்த்தகட்டின்மீது வண்ணந்தீட்டி மேகங்களைத் தாமே வரைந்து சேர்த்தார். அழகுக்காகச் செய்தது. ஆயினும் அந்த மேகம் அன்று அங்கே இருந்த மேகம் அன்று. வரலாற்று மாணவன் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பழைய படமும் பழைய ஏட்டைப்போன்றதே, அதிலும் இடைச்செருகல் உண்டு.

வானம் தளவிளைவு பெற்றதென்று அராகோ கண்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் டிரைப் ஏன் நிக்கல் பட்டகத்தைக் கொள்ளவில்லை? பட்டகம் கண்ணுக்குப் போதும்; பெரிய காமிராவின் லென்ஸை மூடப் போதாது. குற்றமற்ற பெரிய ஐஸ்லாந்துப் படிகம் கிடைப்பது அரிது, விலையும் மிகுதி. ஒளியைத் தளப்படுத்தும் அகன்ற தகடு ஒன்று வேண்டியிருந்தது.

அத்தகடு வந்த வழி வேடிக்கையானது. 1852இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஹெராபாத் என்பவரிடம் பயின்ற மாணவர் ஒருவர், கொயினா மருந்து ஊட்டிய நாயின் சிறுநீரில் தற்செயலாக அயோடின் சொட்டுகளை விட்டார். பச்சை நிறமான நுண்படிகங்கள் தோன்றின. அவை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடம் கறுத்திருந்தது. ஒளியைத் தளப்படுத்தும் செயற்கைப் படிகம் கிடைத்துவிட்டது. ஆனால் அதனைப் பெரிதாக வளர்க்க எவராலும் இயலவில்லை. அமெரிக்காவின் எட்வின் லாண்ட், கல்லூரிப் பருவத்திலேயே இதில் இறங்கினார். ஒரு பெரும் படிகத்தை வளர்ப்பதைவிட்டுக் கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே முகமாக வரிசைப்படுத்தித் தகட்டிலே பதிக்கலாம் என்பது அவருடைய யோசனை. 1929இல் அதற்குக் காப்புரிமை கோரினார். அப்போது அவருக்கு வயது 19. 'போலராய்டு' என்ற பெயர் இவ்வாறு பிறந்தது. 1938இல், நெகிழித் தாளை இழுத்து நீட்டி அயோடினில் தோய்க்கும் இன்னும் எளிய முறையும் அவரிடமிருந்தே வந்தது.

காலமும் அதற்கேற்ப அமைந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் வானத்தைக் கறுக்கச் செய்ய மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடி போதும். 1935இல் 'கோடக்குரோம்' என்ற வண்ணப்படச் சுருள் வந்தபின் அந்த உபாயம் பலிக்கவில்லை. மஞ்சள் கண்ணாடி இட்டால் படம் முழுவதும் மஞ்சளாகும். நிறத்தைக் கெடுக்காமல் வானத்தை மட்டும் செறிவாக்கும் ஆற்றல் தளவிளைவுக் கண்ணாடி ஒன்றுக்கே உண்டு. அது காமிராக்காரரின் பையில் இடம்பெற்றது இதனாலேயே.

ஹூட்டின் வரலாற்றுக்கு இத்துணைப் பெருமையில்லை. வெயிலில் தொலைவில் வருபவர் யாரென்று அறிய நம் ஊர்க் கிழவர் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறாரே, அதுதான் ஹூட். படத்தில் அடங்காத திக்கிலிருந்து லென்ஸின்மேல் விழும் ஒளி, கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே முன்னும் பின்னும் தெறித்துப் படம் முழுவதும் ஒரு வெண்புகையைப் பரப்பிவிடும். கறுப்பு கறுப்பாயிராது. அக்காலத்தவர் கையாலும் தொப்பியாலும் நிழல் செய்தனர். பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி விடுகிறது. 1935இல் ஜெர்மனியின் சைஸ் தொழிலகத்தில் ஸ்மக்குலா என்பவர் மெல்லிய பூச்சினால் இதனைப் பெரிதும் குறைக்க வழி கண்டார். இருந்தும் ஹூட் ஒழியவில்லை.

இப்பொழுது இரண்டையும் சேர்த்து நோக்குங்கள். போலரைசரை மாட்டினால் லென்ஸுக்கு முன்னே மேலும் இரண்டு பரப்புகள் வந்து சேர்கின்றன. அதுவும் எல்லாவற்றுக்கும் முன்னே, வெயிலுக்கு முகங்காட்டியபடி. வானத்தின் தளவிளைவு எங்கே மிகுதி? சூரியனுக்குச் செங்கோணமான திக்கில். சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டிக் கட்டைவிரலைச் செங்கோணமாக விரித்துக் கையைச் சுழற்றினால், கட்டைவிரல் காட்டும் வளையம் முழுவதும் அப்பகுதியே. (சூரியனை நேரே நோக்கலாகாது, விரலை மட்டும் நீட்டுக.) எனவே போலரைசர் நன்கு வேலை செய்யும் நிலையில் சூரியன் எப்போதும் நமக்குப் பக்கவாட்டில் இருக்கும். பக்கவாட்டு வெயிலே முன்கண்ணாடியைச் சாய்வாக வந்து தாக்கும். ஒரு பளபளப்பை ஒழிக்க மாட்டிய கண்ணாடி இன்னொரு புகைமூட்டத்தை வரவழைக்கும். போலரைசருக்கு ஹூட் வேண்டும் என்பது இக்காரணத்தால்தான்.

வேண்டும் என்று சொல்வது எளிது. போலரைசர் திருப்பப்படவேண்டிய கருவி. இராமன் பட்டகத்தைத் திருகியதுபோல அதன் வளையத்தை விரலால் திருகினால்தான் பளபளப்பு மறையும் நிலை கிட்டும். ஆழமான ஹூட்டை மாட்டியபின் விரல் உள்ளே போகாது. ஹூட்டைக் கழற்றிக் கண்ணாடியைத் திருப்பி நிறுத்திவிட்டு மீண்டும் மாட்டுவது ஒரு முறை. காமிராவை நெட்டுவாக்கில் பிடித்தால் எல்லாம் மறுபடியும். ஹூட்டைப் போலரைசரின் சுழலும் வளையத்திலேயே திருகிவிடுவது மற்றொரு முறை. வட்டமான ஹூட்டுக்கு இது பொருந்தும். பூவிதழ்போல் நான்கு மடல் வெட்டப்பட்ட ஹூட்டுக்குப் பொருந்தாது. படத்தின் செவ்வக வடிவுக்கு ஏற்ப வெட்டிய மடல்கள் கண்ணாடியோடு சுழன்று மூலைகளில் கறுப்பாய் வந்து நிற்கும். தொலைநோக்கு லென்ஸுகளுக்குரிய சில ஹூட்டுகளில், அடிப்பக்கத்தில் சிறு சாளரம் ஒன்றை வெட்டி, அதற்கு நழுவும் மூடியும் வைத்திருக்கிறார்கள். மூடியைத் தள்ளி ஒரு விரலை நுழைத்துக் கண்ணாடியைத் திருப்பலாம். எளிய உபாயந்தான், ஆனால் அதனை எண்ணியவர் காமிராவை வெயிலில் தூக்கித் திரிந்தவராக இருக்க வேண்டும்.

விலை கொடுத்து வாங்குமுன் அறியத்தக்கவை இன்னும் சில உண்டு. இக்கண்ணாடி தன்வழியே வரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரையே உள்ளே விடும். மங்கிய இடத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். அகன்ற காட்சியை அடக்கும் லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து, மற்றப் பகுதி வெளுத்து, துணியில் சாயம் சரியாக ஏறாததுபோல் தோன்றும். 'சி. பி. எல்.' என்று கடைக்காரர் சொல்லும் வகையில், தளவிளைவுத் தகட்டுக்குப் பின்னால் ஒளியை மீண்டும் சுழலச் செய்யும் மற்றொரு மெல்லிய தகடு உண்டு. காமிராவினுள் ஒளியை அளக்கும் கண்ணாடிகள் ஏமாறாதிருக்க அது வேண்டும்.

எங்கள் அண்ணாகிராமத்துப் பக்கம் இக்கருவிக்கு வேலை மிகுதி. பலாவின் இலை மெருகிட்டாற்போல் மின்னும். முந்திரி இலையும் அவ்வாறே. நண்பகலில் எடுத்த தோப்புப் படங்களில் இலைகள் பச்சையாயிராமல் வெள்ளித் தகடுகளாய்த் தோன்றுவதைப் பண்ணுருட்டிப் பக்கத்தார் அறிவர். கண்ணாடியைத் திருப்பினால் வெள்ளி வழிந்தோடிப் பச்சை வெளிவரும். இதுவே இராமன் கண்ட கடல்நீலத்தின் கதை. நீருக்குப் பதில் இலை, அவ்வளவே.

இராமனுடைய சோதனையையே கடலூரில் செய்து பார்க்கலாம். தேவனாம்பட்டினக் கடற்கரை கிழக்கு நோக்கியது. ஓய்வு பெறுவதற்கு முன்னர், மார்ச்சுத் திங்களில் என் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். சூரியன் எழுகின்ற வேளையில் நீரில் கிடக்கும் பொன்வழியைப் போலரைசரால் அழிக்க இயலாது. கோணம் மிகத் தாழ்ந்தது. சூரியன் அடிவானிலிருந்து 37 பாகை ஏற வேண்டும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாள்களில், நம் ஊர் அட்சரேகையில் அது காலை எட்டரை மணியைச் சிறிது கடந்த வேளை. அப்போது அதே சாய்வில் கீழ்நோக்கிப் பார்த்துக் கண்ணாடியைத் திருப்பினால், பளபளப்பு பெரும்பாலும் அவிந்துவிடும். பெரும்பாலும் என்கிறேன், ஏனெனில் அலைகள் நீர்ப்பரப்பை நூறு கோணங்களாக உடைக்கின்றன. வங்கக் கடலின் கரையோர நீர் மணல் கலந்தது. அங்கே வெளிப்படுவது மத்தியதரைக் கடலின் நீலமன்று, ஒருவகைப் பழுப்புப் பச்சை. மாணவர்கள் முதலில் ஏமாற்றமடைவர். பிறகு, வானம் அவ்வளவு நீலமாயிருக்க நீர் ஏன் பச்சையாயிருக்கிறது என்று ஒருவன் கேட்பான். ராலேக்கு எதிரான வாதம் அக்கேள்வியிலேயே அடங்கியிருந்தது. காமிரா இல்லாதவர் போலராய்டு வெயிற்கண்ணாடியைக் கழற்றிக் கையிற் பிடித்துத் திருப்பினாலும் போதும்.

கணினியில் வானத்தைக் கறுக்கச் செய்யும் வசதி வந்துவிட்டதே, கண்ணாடி எதற்கு என்று இக்காலத்து இளைஞர் கேட்கிறார்கள். வானத்தைக் கறுக்கச் செய்யலாம், மறுக்கவில்லை. இலையின் மேல் விழுந்த பளபளப்புக்கு அடியில் என்ன நரம்பு இருந்தது, குளத்துநீரின் அடியில் எந்த மீன் நின்றது என்பதைக் காமிரா பதிவு செய்யாதபோது, கணினி அதனை ஊகித்து வரையத்தான் இயலும். அது டிரைப் தீட்டிய மேகத்தின் வழித்தோன்றலே.

சான்று வேண்டுவோர்க்கு இந்த வேறுபாடு முக்கியமானது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று அறையில், நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் காலத்து ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். அத்தகைய இருண்ட அறைகளில் விளக்கு வைத்து ஓவியங்களைப் படமெடுக்கும்போது, சுவரின் மினுமினுப்பு வண்ணத்தை விழுங்கிவிடும். விளக்கின் முன் ஒரு தளவிளைவுத் தாளும் லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய கண்ணாடியும் வைத்தால் மினுமினுப்பு அகன்று வண்ணம் நிற்கும். விளக்கு பக்கத்தில் இருப்பதால் அங்கும் ஹூட் வேண்டும்.

கல்வெட்டின் செய்தி வேறு. எழுத்தின் வெட்டு தெரிவதே ஒருபக்கத்து ஒளியும் மறுபக்கத்து நிழலும் சேர்ந்துதான். வழவழப்பான கருங்கல்லில் எழுத்தின் விளிம்பிலுள்ள சிறு மினுக்கும் படிப்பதற்குத் துணை செய்யும். அந்த மினுக்கையும் போலரைசர் துடைத்துவிடக்கூடும். மண்டபத்தின் மங்கிய ஒளியில் முக்கால் பங்கை அது வீணே குடித்தும்விடும். ஆகையால் திருவதிகைக் கோயிலில் கல்வெட்டுகளைப் படமெடுக்கச் செல்லும்போது நான் போலரைசரைக் கழற்றிப் பையில் இடுகிறேன், ஹூட்டைக் கழற்றுவதில்லை.